ஸ்பர்லிங்ஸ் வீட்டு உத்தரம்

ஐந்நூறு வருஷத்து வீடு என்றதும் வாயைப் பிளக்கிறவர்கள் ஒரே ஒரு வாரம் அதில் குடியிருந்து பார்க்க வேண்டும். நெற்றியில் இடித்துக்கொள்ளாமல் ஒரு வாசலைத் தாண்டிவிட்டால் நான் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். எங்கள் மார்லிங்ஹாமில் தேவாலயத்துக்கு எதிரே நிற்கிற ஸ்பர்லிங்ஸ் வீட்டைத்தான் சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவர், குறுக்கும் நெடுக்கும் கறுத்துப்போன ஓக் சட்டங்கள், தெருப்பக்கம் ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்கும் மேல்மாடி. சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் அதன் முன்னால் வரிசை கட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த மேல்மாடி ஜன்னலுக்குப் பின்னால் டெஸ்மண்ட் கேட்ச்போல் பதினாலு மாதமாகக் கிடந்தது எந்தப் படத்திலும் விழவில்லை.

டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். எழுபத்தாறு வயதில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் மட்டும் விழவில்லை என்பாள் அவர் மனைவி பெரில். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஆட்கள் அவரை நாற்காலியில் வைத்துக் கட்டி, புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றி ஏறும் அந்த இரண்டடி அகல மரப்படியில் எப்படியோ ஏற்றிப் படுக்கையில் சேர்த்தார்கள். "இறக்கறதுக்கு எங்களைக் கூப்பிடாதீங்கம்மா, எங்களுக்கும் இடுப்பு ஒண்ணுதான் இருக்கு" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

ஏன் மேலே ஏற்ற வேண்டும் என்றால், குளியலறை மேலேதான். கீழே ஒன்று கட்ட வேண்டுமானால் சுவரைக் குடைய வேண்டும். அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூடச் சர்க்காரைக் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட வீடு. அதிலும் சாதாரணமாகப் பாதுகாக்கப்பட்டது இல்லை, சர்க்கார் பட்டியலில் பெயருக்கு நேரே நட்சத்திரம் போட்டுப் பாதுகாக்கப்பட்டது. அந்த நட்சத்திரத்தை வாங்கிக் கொடுத்ததே டெஸ்மண்ட்தான். வீட்டின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக எழுதி, தேவாலய வாசலில் விற்று, ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவராகி, கதவுக்கு மேல் பித்தளைப் பலகையும் மாட்டிக்கொண்டார். புத்தகத்தின் நடுநாயகம் முன்னறையின் உத்தரம். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கனம், நெடுக திராட்சைக்கொடிச் செதுக்கல். ஜான் ஸ்பர்லிங் என்ற கம்பளி வியாபாரி 1468-ல் தன் கல்யாணத்துக்காகப் போட்டது என்று டெஸ்மண்ட் எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஜாக்கள் பெயர் தெரியாவிட்டாலும் அந்த வருஷம் தெரியும்.

பெரிலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு லிஃப்ட். நாற்காலி நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு, படுக்கையறையிலிருந்து முன்னறைக்கு. படியோரம் பூட்டுகிற நாற்காலி எதுவும் அந்த வளைந்த படியில் நிற்காது. லிஃப்ட் வைக்க வீட்டில் இருந்ததோ ஒரே மூலை, அந்த மூலையில்தான் உத்தரம் குறுக்கே போனது. மூன்றடி வெட்டினால் போதும். விண்ணப்பம் போட்டாள். முடியாது என்று கடிதம் வந்தது.

பெரில் அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அவளுக்கு வெளியே அரை மணி நேரம்தான். முன்பு ஒருநாள் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தபோது டெஸ்மண்ட் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். அன்றிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ரொட்டி வாங்குவாள். மகள் ஜூடித் கடற்கரையோரம் சவுத்வோல்டில் இருக்கிறாள், காரில் ஒரு மணி நேரம். பெரில் கடலைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. டெஸ்மண்டுக்காவது ஜன்னல் இருக்கிறது, எனக்கு அதுகூட இல்லை என்று அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்கு உடனே வெட்கப்படவும் செய்வாள்.

கடையில் ஐவி தர்லோ நின்றிருந்தாள். பெரிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாம் பாட்டில்களைப் பார்த்தாள். இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை, நாற்பத்தேழு வருஷமாக அப்படித்தான். ஐவி ஒரு காலத்தில் ஸ்பர்லிங்ஸ் வீட்டில் கூட்டித் துடைத்தவள். ஜூடித் பிறந்த வருஷம், 1976-ல், பெரில் பிரசவத்துக்கு லோஸ்டாஃப்ட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பியபோது வீட்டிலிருந்த மூன்று நீளக் கம்புத் துடைப்பங்களும் காணோம். டெஸ்மண்ட் தோளைக் குலுக்கி, "ஐவியைத்தான் கேக்கணும்" என்றார். பெரில் கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை. ஐவி ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவள்தான். சின்ன ஊரில் அந்தப் பேச்சு கால் முளைத்து ஓடியது. அதன்பிறகு ஐவிக்கு எந்த வீட்டிலும் வேலை கொடுக்கவில்லை, பாவம் பதினைந்து வருஷம் கோழிப் பண்ணையில் இறகு பிடுங்கினாள்.

மறுவாரம் மிஸ் நட்டல் வந்தாள். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். அந்த ஒரு காரியத்திலேயே பெரிலுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"எனக்கு மனசு கல்லுன்னு நினைக்காதீங்க மிசஸ் கேட்ச்போல். இந்த உத்தரத்தோட வயசை இதுவரைக்கும் யாரும் சோதிச்சதே இல்லை. உங்க வீட்டுக்காரர் புத்தகத்தை நம்பியே நட்சத்திரம் கொடுத்துட்டாங்க. இது பின்னாடி யாரோ போட்டதுன்னு தெரிஞ்சா நான் உடனே அனுமதி எழுதித் தரேன்."

"எப்படித் தெரியும்?"

"மரத்துக்குள்ள வருஷா வருஷம் ஒரு வளையம் விழும்ல, அதை எண்ணிடலாம்" என்று துளைக்கும் கருவியை எடுத்தாள்.

கருவி உறுமியதும் மேலே தரையில் கைத்தடி தட்டும் சத்தம். தட்டல் இல்லை, இடி. பெரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். டெஸ்மண்ட் தலையணையிலிருந்து பாதி எழுந்து முகம் சிவந்திருந்தார்.

"என்ன பண்றா அவ? நிறுத்தச் சொல்லு!"

"பென்சில் மாதிரி ஒரு துண்டு எடுக்கறாங்க டெஸ், அவ்வளவுதான். அது பழசு இல்லைன்னு ஆகிட்டா நீ கீழே வரலாம்."

"அதை யாரும் தொடக் கூடாது!"

"உன் உத்தரத்தை யாரும் தின்னுட மாட்டாங்க. படு" என்று போர்வையை இழுத்துவிட்டாள். கிழவருக்கு வீட்டின்மேல் இருக்கிற பிரியம் பெண்டாட்டிமேல் இல்லை என்று முனகிக்கொண்டே இறங்கினாள்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் பெரில் முன்னறைக்குப் போனபோதெல்லாம் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்து, புதுசா இரு, தயவுசெஞ்சு புதுசா இரு என்று மனசுக்குள் கெஞ்சினாள். சொந்த வீட்டு உத்தரத்திடம் அப்படிக் கெஞ்சியவள் இங்கிலாந்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். டெஸ்மண்ட் அந்த நாட்களில் முட்டையைப் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்துவிடுவார்.

முடிவு வந்தது. மரம் வெட்டப்பட்டது 1465-ஆம் வருஷக் குளிர்காலம்.

பெரில் படியின் நடுவில், புகைபோக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ஏறவும் தோன்றவில்லை, இறங்கவும் தோன்றவில்லை. இந்த வீடு எங்களைப் பிணமாகத்தான் வெளியே விடும், அப்போதும் படியில் பெட்டி திரும்பாது, ஜன்னல் வழியாகத்தான் கயிறு கட்டி இறக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுத் தட்டோடு மேலே போனாள்.

"சந்தோஷமா? உன் ஜான் ஸ்பர்லிங் ஜெயிச்சுட்டான். நீ புத்தகத்துல போட்டதுக்கு மூணு வருஷம் முன்னாடியே மரத்தை வெட்டியிருக்காங்க. பலகையில பாலிஷ் போடச் சொல்றேன்."

டெஸ்மண்ட் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற அந்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையாயிற்று.

"அது நம்ம வீட்டு உத்தரம் இல்லை, பெரில்."

"என்ன உளர்றே?"

"அது ரட்லிங் பண்ணைக் களஞ்சியத்து உத்தரம். எழுபத்தாறுல அதை இடிச்சாங்க. நீ லோஸ்டாஃப்ட்ல இருந்தப்ப வில்ஃப் ரட்லிங்கோட டிராக்டர்ல கொண்டுவந்து நாங்க ரெண்டு பேரும் ஏத்தினோம். நம்மளது உளுத்துப்போய்க் கிடந்தது. வெறும் பைன் மரம். விக்டோரியா ராணி காலத்துல எவனோ போட்ட குப்பை."

பெரில் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். அன்றைக்கு அவர் அவள் கண்ணைப் பொத்தி முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. பூச்சை உடைச்சேன், உள்ள ஒளிஞ்சிருந்தது பாரு என்றார். அவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டாள். மறுநாள் அதற்காகக் கேக் வேறு செய்தாள்.

"பதினாலு மாசம்" என்றாள். "பதினாலு மாசமா இந்த வார்த்தையை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு, நான் தட்டைத் தூக்கிட்டு ஏறி இறங்கறதைப் பாத்துக்கிட்டு கிடந்திருக்கே. என் முட்டி ரெண்டும் போச்சு டெஸ். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!"

"சங்கத்துல என்ன பேசுவாங்க? நான் வாத்தியார் பெரில். சான்று இல்லாம எதையும் நம்பாதீங்கன்னு முப்பத்தஞ்சு வருஷம் பசங்க தலையில குட்டினவன். வெளியில சொன்னா அப்புறம் நான் யாரு?"

"நீ என் புருஷன், கழுதை! அது போதாதா உனக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரில் அப்படியே கீழே இறங்கித் தொலைபேசியை எடுத்தாள். அவசரத்தில் எண்ணை இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள்.

மிஸ் நட்டல் வந்தாள். மறுபடியும் பூட்ஸைக் கழற்றினாள். மேலே போய் டெஸ்மண்ட் சொன்னது அத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்தபின் அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அசதி.

"மிஸ்டர் கேட்ச்போல், தப்பா எடுத்துக்காதீங்க. விண்ணப்பம் தள்ளுபடி ஆனதும் எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. போன மாசம் ஒருத்தர் தன் கூரையையே தாத்தா சீட்டாட்டத்துல ஜெயிச்சதா சொன்னார். யாராவது சாட்சி இருக்காங்களா?"

"வில்ஃப் இருந்தான்."

"எங்க?"

"எதிர்த்தாப்ல. கல்லறைத் தோட்டத்துல."

"ரசீது, படம்?"

"ரெண்டு டஜன் பீருக்குப் பேசி முடிச்சது. அதுக்கு எவன் ரசீது கொடுப்பான்?"

"களஞ்சியத்துல இருந்த உத்தரம்னா, அங்க மத்த சட்டங்களைச் செருகின பழைய குழிகள் அதுல இருக்கணுமே. நான் ஒண்ணும் பாக்கலையே."

"ஓக் துண்டு வச்சு அடைச்சேன். மெழுகும் புகைக்கரியும் குழைச்சு மேல பூசினேன்." டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா செஞ்சுட்டேன். அதுதான் வினை."

பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையைச் சொல்லும்போது ஓர் ஆள் நம்பக் காணோம். மிஸ் நட்டல் மன்னிப்புக் கேட்டபடி இறங்கினாள், பெரில் பின்னாலேயே இறங்கினாள். முன்னறையில் அந்தப் பெண் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருக்க, பெரில் உத்தரத்தை வெறித்துக்கொண்டு நின்றாள். உத்தரம் தூணில் சேருமிடத்தில் மர ஆணிகளின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. கறுப்பாக, நாணயம் அளவில் மூன்று வட்டம். நாற்பத்தேழு வருஷம் தூசி தட்டியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

"இந்த மர ஆணியெல்லாம் அந்தக் காலத்துல எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டாள்.

"ஓக்கைப் பிளந்து, கத்தியால செதுக்குவாங்க. கோணல்மாணலா இருக்கும், ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு. ஏன்?"

பெரில் படியின் அடியில் போய் நின்று மேலே பார்த்துக் கத்தினாள். "டெஸ்! ஆணியை எந்த மரத்துல செஞ்சே?"

மேலே கட்டில் மட்டும் கிறீச்சிட்டது.

"ஓக்கைப் பிளந்து செதுக்கினியா?"

பெரில் முதல் படியில் ஏறி நின்றாள்.

"டெஸ்மண்ட் கேட்ச்போல், என் துடைப்பம் மூணும் எங்கடா போச்சு?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல் வந்தது. "வில்ஃப் ஜாக்கி வச்சுத் தாங்கிப் பிடிச்சிருந்தான், பெரில். ஆணி செதுக்க நேரம் இல்லை."

மிஸ் நட்டல் பையைக் கீழே போட்டாள். உத்தரத்தின் மறுபக்கம் போய் முக்காலியில் ஏறி, ஓர் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினாள். நாலாவது தட்டில் முதல் ஆணி நகர்ந்தது. பெரில் இந்தப் பக்கம் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். தலைப்பக்கம் அரை அங்குலம் கத்தியால் செதுக்கிக் கரி பூசியிருந்தது. அதற்குப் பின்னால் மழமழவென்று, எந்திரத்தில் உருட்டி எடுத்த உருண்டைக் கம்பு. அதன்மேல் சிவப்புப் பெயின்ட், நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று. கல்யாணமான புதிதில் அவளே பார்த்துப் பார்த்து வாங்கிய சிவப்பு.

மிஸ் நட்டல் முக்காலியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரிலால் சிரிக்க முடியவில்லை. கையிலிருந்த கம்பைப் பார்க்கப் பார்க்க, மேஜைமேல் மடித்து வைத்த ஏப்ரன்தான் கண்முன் வந்தது.

அனுமதி வந்தது. கூடவே நட்சத்திரமும் போயிற்று, பலகையும் இறங்கியது. புத்தகத்தைத் தேவாலயத்தில் எடுத்துவிட்டார்கள். சங்கத்தில் சிலர் ஒரு மாதம் அதையே மென்றார்கள், பிறகு குப்பைத்தொட்டி விவகாரம் ஒன்று வந்ததும் மறந்துபோனார்கள். டெஸ்மண்ட் பயந்து செத்த அவமானம் அவ்வளவுதான். அக்டோபர் தொடக்கத்தில் லிஃப்ட் பூட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் நாற்காலியோடு முன்னறைத் தரையில் வந்து இறங்கினார். வெட்டிய உத்தரத்தின் முனையைத் தாண்டும்போது வலது கையால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயில் அடிக்குது" என்றார். "ஆத்தங்கரை வரைக்கும் போலாமா?"

"போலாம். முதல்ல ஒரு இடம் இருக்கு" என்று பெரில் சிவப்புக் கம்புத் துண்டுகள் மூன்றையும் அவர் மடியில் வைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

ஐவி இப்போது ஊர்க்கோடியில் முதியவர்களுக்குக் கட்டிய புது வீட்டில் இருக்கிறாள். அகலமான வாசல், படியே கிடையாது, ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம். மணி அடித்ததும் கதவைத் திறந்தவள் இருவரையும் பார்த்தாள். ஜாம் பாட்டில் இல்லாததால் முகத்தைத் திருப்ப இடமில்லை.

"சொல்லு" என்றாள் பெரில்.

டெஸ்மண்ட் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "நான்தான் எடுத்தேன் ஐவி. ஆணி அடிக்க. உங்க பேரை இழுத்துவிட்டதும் நான்தான்."

ஐவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயின்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"அவர் பேரை இழுத்துவிட்டார், சரி. முகத்துக்கு நேரா கேட்டது நீங்கதானே மிசஸ் கேட்ச்போல்?"

வழியெல்லாம் பெரில் டெஸ்மண்டுக்குத்தான் தண்டனை கொடுக்கக் கூட்டிப் போவதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். "ஆமா" என்றாள். "நான்தான் கேட்டேன். என்னை மன்னிச்சுடு ஐவி."

ஐவி குனிந்து டெஸ்மண்டின் மடியிலிருந்த மற்ற இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள். மூன்றையும் சேர்த்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் செருகினாள்.

"திருடிட்டேன்னு சொன்னீங்கல்ல? இப்ப எடுத்துக்கறேன்" என்றாள். கதவு மூடியது. அடித்து மூடவில்லை, சாதாரணமாகத்தான் மூடினாள்.

இருவரும் அந்தச் சமதரை வாசலிலேயே இருந்தார்கள். தூரத்தில் ஸ்பர்லிங்ஸ் வீட்டின் கூரை தெரிந்தது, அதன் முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது.

"வீட்டுக்குப் போயிடலாம் பெரில்" என்றார் டெஸ்மண்ட்.

"இல்லை" என்று அவள் அவருக்குப் பக்கத்திலேயே வாசல் தரையில் உட்கார்ந்தாள். "அவ திறக்கற வரைக்கும் இங்கயே இருப்போம்."